செத்தவன் நின்ற வரிசை

என் தங்கச்சி பூமயிலின் புருஷன் வீரையா கடலில் செத்துப்போனான் என்று ஊரே அழுது முடித்தது. காரியம் செய்தோம். அவள் தாலியைக் கழற்றி வாங்கினோம். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் கழித்து, தேவிபட்டினம் டெண்டுக் கொட்டகையில், சினிமாத் திரையில் அவனைப் பார்த்தோம். பேயாக வரவில்லை. சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்துச் சீவி, ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்தான். 

முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் ஊர் திருப்பாலைக்குடி. பாய் கட்டி ஓட்டும் சின்னப் படகை நாங்கள் வத்தை என்போம். வீரையாவும் இருளாண்டியும் ஒரே வத்தையில் தொழில் பார்த்தவர்கள். ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் ஒருநாள் இரண்டு பேரும் கடலுக்குப் போனார்கள். மறுநாள் இருளாண்டி மட்டும் திரும்பி வந்தான்.

"கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா ஆளக் காணோம். கூப்பாடு போட்டுப் பாத்தேன், சுத்திச் சுத்தி வந்தேன், ஒண்ணும் தெரியல" என்றான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நம்புகிற மாதிரியா இருக்கிறது? கடலில் பிறந்து வளர்ந்தவன் சத்தமில்லாமல் விழுந்து சாவானா? அதற்கு முந்தின வாரம்தான் வலை கிழிந்த தகராறில் கடற்கரையில் வைத்து இரண்டு பேரும் சட்டையைப் பிடித்திருந்தார்கள். அதை எல்லோரும் பார்த்தார்கள். போலீஸ் வந்து இருளாண்டியைக் கூட்டிப்போய் அடித்தது. உடம்பு கிடைக்காததால் விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. அவன் மீனை யாரும் வாங்கவில்லை. அவன் வீட்டுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கவில்லை. அவன் கைக்குழந்தைக்குப் பால் விற்கக்கூட ஆளில்லை. என் தங்கச்சி அவன் வாசலுக்குப் போய் மண்ணை வாரித் தூற்றி, "என் தாலிய அறுத்தவன் குடி வெளங்காமப் போகட்டும்" என்று சாபம் கொடுத்துவிட்டு வந்தாள். நாங்கள் யாரும் அவளைத் தடுக்கவில்லை. வீரையாவின் வேட்டியைச் சுருட்டி வைத்து அதற்குக் கொள்ளி போட்டோம்.

அந்தத் தை மாதம் மண்டபத்துக்கு மதராஸில் இருந்து சினிமாக் கம்பெனி வந்தது. குடிதண்ணீர் கொண்டுவர மாட்டு வண்டி வேண்டும் என்றார்கள். நான் பீப்பாய் கட்டிய வண்டியோடு போய்ச் சேர்ந்தேன்.

படத்தின் பேரைச் சொல்லப் போவதில்லை. அது ஓடவும் இல்லை. கதை மட்டும் சொல்கிறேன். ஒருத்தன் தன் அண்ணனைக் கொன்றுவிட்டு அண்ணன் பேரிலேயே வாழ ஆரம்பிக்கிறான். போகப் போக, செத்தது யார், இருப்பது யார் என்று அவனுக்கே புத்தி தடுமாறுகிறது. இலங்கைக்குத் தப்பிப் போகலாம் என்று மண்டபம் வருகிறான். அங்கே வரிசையில் நிறுத்தி ஒவ்வொருத்தரிடமும் பேர் கேட்கிறார்கள். முன்னால் நிற்கிறவர்கள் தங்கள் பேரைச் சொல்லச் சொல்ல இவனுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. தன் முறை வரும்போது தன் பேர் என்ன என்றே இவனுக்கு ஞாபகம் வரவில்லை. அதுதான் படத்தில் முக்கியமான கட்டம்.

டைரக்டர் கண்ணாடி போட்ட மனுஷன். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு பிடிவாதம். வரிசையில் நிற்கிறவர்கள் நடிக்கக் கூடாது. நம் ஜனங்கள் காமிராவைக் கண்டால் பல்லைக் காட்டிக்கொண்டு அதையே பார்ப்பார்கள். அதனால் கடற்கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, மேஜை நாற்காலி வைத்து, காக்கி உடுப்புப் போட்ட நடிகரை ஆபீசராக உட்கார வைத்தார். காமிராவைப் பின்னால் சாக்குப் படுதாவுக்குள் மறைத்தார். சாக்கில் ஓட்டை போட்டு அது வழியாகப் படம் எடுத்தார்கள். மைக்கைக் கூரைக் கீற்றுக்குள் சொருகினார்கள். வரிசையில் நிற்கிறவர்களிடம் சொன்னது இதுதான்: ஆபீசர் கேட்பார், நீங்கள் வாயில் வந்ததைச் சொல்லுங்கள், முத்திரை குத்திய சீட்டு தருவார், வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போங்கள். அவ்வளவுதான்.

அதைப் பார்த்த மண்டபத்து ஜனங்களில் பாதிப் பேருக்கு அது சினிமா என்றே தெரியவில்லை. அந்தக் காலத்தில் இலங்கைக்குப் போகிறவர்களை மண்டபம் கேம்பில் நிறுத்திச் சோதித்துத்தான் அனுப்புவார்கள். காகிதம் இல்லாதவன் கள்ளத்தோணி ஏற வேண்டும். இங்கே என்னடா என்றால் காகிதமே கேட்காமல், பேரும் ஊரும் கேட்டு முத்திரை குத்தி விடுகிறார்கள். எவன்தான் போய் நிற்க மாட்டான்? ஒரு கிழவர் சீட்டை வாங்கிக்கொண்டு, "கப்பல் எங்கன நிக்கிதுங்கய்யா?" என்று கேட்டு அடம்பிடித்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பி வைத்தார்கள்.

அந்தக் கட்டம் எடுத்த அன்றைக்கு நான் உச்சிப்புளிப் பக்கம் தண்ணீருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அசிஸ்டென்ட் வரதன் துள்ளிக்கொண்டிருந்தார்.

"யோவ் வேல்சாமி, இன்னைக்கு ஒருத்தன் வந்தான்யா! நாங்க கூப்பிட்ட ஆளே இல்ல. அவனா வந்து வரிசையில நின்னுட்டான். பேரக் கேட்டதும் மூஞ்சியில ஒரு பயம் பாரு, எங்க ஹீரோ பத்து டேக் வாங்கினாலும் அது வராது. டைரக்டர் எழுந்து நின்னுட்டாரு."

"எந்த ஊருக்காரனாம்?"

"யாருக்குத் தெரியும்? சீட்டோட அந்தப் பக்கம் போனவன், வெளிச்சத்துக்கு வெச்ச தகரத்தையும் எங்க ஆளுங்களையும் பார்த்துட்டான். எடுத்தான் ஓட்டம். சாப்பாட்டுக்குக்கூட நிக்கல."

நானும் சிரித்தேன். மாட்டை அவிழ்த்துவிடப் போய்விட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் பூமயிலுக்கு வேறு இடத்தில் பேசினோம். எங்கள் ஜனத்தில் அறுத்துக்கட்டுவது, அதாவது தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது, வழக்கம்தான். மாப்பிள்ளை திருப்புல்லாணிப் பக்கம், நாகநாதன் என்று பேர். சம்சாரத்தைப் பறிகொடுத்தவர், விவசாயம். அதிகம் பேசாத நல்ல மனுஷன். ஆவணியில் முடித்துவிடலாம் என்று இரண்டு வீட்டிலும் சம்மதம். ஒன்றரை வருஷம் வாய் திறந்து சிரிக்காத என் தங்கச்சி அப்போதுதான் கண்ணாடி பார்த்துத் தலை சீவ ஆரம்பித்திருந்தாள்.

வைகாசியில் அந்தப் படம் தேவிபட்டினம் டெண்டுக்கு வந்தது. நான் தண்ணீர் ஊற்றிய படமாச்சே என்று ஆத்தாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு முதல் ஆட்டத்துக்குப் போனேன். பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவில் துணி கட்டியிருக்கும். நான் அந்தத் துணியை ஒட்டி உட்கார்ந்தேன். மண்டபத்துக் கடற்கரை வந்ததும், "ஏ பூமயிலு, அந்தா பாரு, அந்தக் கொட்டகைக்குப் பின்னாடிதான் என் வண்டி நிக்கும்" என்று துணிக்கு இந்தப் பக்கமிருந்து பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

வரிசை நகர்ந்தது. ஒருத்தன் போனான். அடுத்தவன் மேஜைக்கு முன்னால் வந்தான். திரை முழுக்க அவன் முகம்.

வீரையா.

"பேரு?" என்றார் ஆபீசர்.

எச்சில் விழுங்கினான். பின்னால் திரும்பி ஒரு பார்வை பார்த்தான்.

"இருளாண்டி."

"எந்த ஊரு?"

"திருப்பாலைக்குடிங்கய்யா."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லங்கய்யா."

"உன்னைத் தேடி யாரும் வருவாங்களா?"

"எனக்கு யாருங்கய்யா இருக்கா."

முத்திரை விழுந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவனுக்குப் பின்னால் ஹீரோ வேர்த்துப் போய் வந்து நின்றார். அப்புறம் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.  ரீல் முடிந்து விளக்குப் போட்டபோது துணியை விலக்கிப் பார்த்தேன். ஆத்தா பூமயிலின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பூமயில் கத்தவே இல்லை. திரை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் ஊர்க்காரர்கள் சிலரும் அன்றைக்கு வந்திருந்தார்கள். விடிவதற்குள் ஊர் பூராவும் தெரிந்துவிட்டது. காலையில் இருளாண்டி ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரான அம்பலத்தின் வீட்டு முன்னால் போய் நின்றான். ஒன்றரை வருஷமாக அந்தத் தெருவுக்குள் அவன் வந்ததில்லை. எலும்பும் தோலுமாக இருந்தான்.

"அய்யா, அவன் உசுரோட இருக்கான்னு சொல்றாக. நான் கொல்லலைய்யா. இப்பவாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க."

அம்பலம் யோசித்தார். "ஏலே, சினிமாக்காரன் எதத்தான் காட்ட மாட்டான்? ஒரே ஆளு ரெண்டு வேசம் கட்டிக்கிட்டு தனக்குத்தானே பேசிக்கிறான். வீரையா சாடையில ஒருத்தன் கெடைக்க மாட்டானா?"

"சாடை சரிங்க. ஊர்ப் பேரு எப்படிங்க சொல்லுவான்?" என்றான் ஒரு இளவட்டம்.

நான் வரதன் சொன்னதைச் சொன்னேன். கூப்பிடாமல் வந்து நின்ற ஆள், ஓடிப்போன ஆள், எல்லாம் சொன்னேன்.

"நீ கண்ணால பாத்தியா?"

"இல்லங்க. தண்ணிக்குப் போயிருந்தேன்."

"அப்பப் பேசாத. அவன் பொண்டாட்டி சொல்லட்டும். இன்னைக்கி ஆட்டத்துக்கு நானும் வாரேன். அந்தப் புள்ள பாத்து, ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்ல. அதுதான் முடிவு."

வீட்டுக்கு வந்தால் ஆத்தா பூமயிலைச் சுவரோரம் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆளு மாதிரி ஆளுன்னு சொல்லிப்புடு. ஒரு வார்த்ததான?"

"ஆத்தா, அது அவுகதான்."

"எனக்குத் தெரியாதா? கண்ணு அவிஞ்சா போச்சு? அவன் உசுரோட இருக்கான்னா நீ யாருடி? அறுத்தவளும் இல்ல, வாழுறவளும் இல்ல. நாகநாதன் வீட்டுல நாளைக்கே முடியாதுன்டுருவாக. ஆவணிக்கு மூணு மாசம் கூட இல்லடி. கொஞ்ச நாளு வாயக் கட்டு."

"இருளாண்டி அண்ணன்?"

"ஒன்றரை வருசம் இருந்தவன் இன்னுங் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போறான். கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கிரலாம்."

பூமயில் என்னைப் பார்த்தாள். "நீ என்னண்ணே சொல்ற?"

நான் என்ன சொல்வது? ஆத்தா சொன்னதில் தப்பு தெரிந்தது. அதைத் தப்பு என்று சொன்னால் என் தங்கச்சியின் வாழ்க்கை போய்விடும் என்பதும் தெரிந்தது. "உனக்கு எது சரின்னு படுதோ, அதச் சொல்லு. நான் கூட நிக்கிறேன்" என்றேன்.  அவள் மத்தியானம் சோறு தின்னவில்லை.

சாயங்காலம் டெண்டு நிரம்பி வழிந்தது. அந்தப் படத்துக்கு மதராஸில்கூட அவ்வளவு கூட்டம் வந்திருக்காது. நாகநாதனும் கேள்விப்பட்டு வந்திருந்தார். ஆண்கள் பக்கத்தில் துண்டை விரித்துத் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இருளாண்டி டெண்டுக் கயிறு கட்டிய மூலையில் குத்துக்காலிட்டிருந்தான். அத்தனை நெருக்கடியிலும் அவனைச் சுற்றி மணல் காலியாகக் கிடந்தது.

டெண்டை நடத்தியவர் ஹாஜா முகைதீன். மிஷின் ஓட்டுவதும் அவரே. அம்பலம் அவரிடம் போனார்.

"பாய், அந்த மூஞ்சி வாரப்ப அப்படியே நிப்பாட்டிப் போடணும். நல்லாப் பாக்கணும்."

"அல்லாவே! நிப்பாட்டுனா பிலிமு பொசுங்கிப் போகுமுங்க. மதராஸ்காரனுக்கு யாரு பதில் சொல்றது? வேணும்னா அந்த ரீல ரெண்டு தரம் ஓட்டுறேன், மூணு தரம் ஓட்டுறேன். நிப்பாட்ட மட்டும் சொல்லாதீக."

படம் ஓடியது. வரிசை வந்தது. வீரையாவின் முகம் வந்ததும் எங்கள் ஊர்ப் பெண்கள் "ஆத்தீ" என்று ஒரே குரலில் மூச்சை இழுத்தார்கள். பேரு? இருளாண்டி. தன் பேரைச் செத்தவன் வாயால் கேட்ட இருளாண்டி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். அவனுக்கு அது முன்பே சொல்லித் தெரிந்ததுதான். இருந்தாலும் காதால் கேட்பது வேறு.

ரீல் முடிந்தது. விளக்கு எரிந்தது. அம்பலம் எழுந்து துணிப் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா பூமயிலு, அவந்தானா?"

பதில் இல்லை. அம்பலம் மிஷின் பக்கம் திரும்பினார்.

"சரியாப் பாக்கலையோ என்னமோ. பாய், இன்னொரு தரம் போடுங்க."

ஹாஜா முகைதீன் ரீலைக் கையாலேயே திருப்பிச் சுற்றினார். கரகரவென்று சத்தம் வந்தது. ஆத்தா துணிக்கு அந்தப் பக்கம், "தெரியலன்னு சொல்லுடி, தெரியலன்னு சொல்லு" என்று முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. விளக்கு அணைந்தது.

பேரு? ஊரு?

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லங்கய்யா."

"அப்ப என் கழுத்துல கட்டுனது யாருடா?"

அது என் தங்கச்சியின் குரல் என்று எனக்கே முதலில் புரியவில்லை. எழுந்து நின்றிருந்தாள். திரை வெளிச்சத்தில் அவள் நிழல் துணியில் விழுந்தது. ஆத்தா சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் உதறினாள்.

"யாருடா கட்டுனது? சொல்லுடா! உனக்குக் கொள்ளி வச்சு, நான் மொட்டக் கழுத்தா நிக்கிறேன். நீ எண்ண தேச்சுத் தல சீவிக்கிட்டு நிக்கிறியா?"

திரையில் வீரையா அவள் பேசுவது கேட்காத மாதிரி, "எனக்கு யாருங்கய்யா இருக்கா" என்று சொல்லிவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஹாஜா முகைதீன் மிஷின் விளக்கையே அணைத்துவிட்டு, கொட்டகை விளக்கைப் போட்டார்.  பூமயில் துணியை ஒதுக்கிக்கொண்டு ஆண்கள் பக்கமே வந்துவிட்டாள். எந்தப் பெண்ணும் அந்தக் கொட்டகையில் அப்படிச் செய்ததில்லை. நேராக மூலைக்குப் போனாள்.

"இருளாண்டி அண்ணே, எந்திரிங்க. ஊருக்கு முன்னாடி சொல்றேன், அது என் புருசன்தான். நீங்க யாரையும் கொல்லல. உங்க வாசல்ல நான் தூத்துன மண்ணு என் தலையிலயே விழுகட்டும்."

இருளாண்டி எழுந்தான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் முகம் செத்தவன் முகம் மாதிரி இருந்தது.

"எம் பேர எதுக்கும்மா சொன்னான்?" என்றான். "அவனத் தேடி அன்னைக்கிப் பூராவும் தொண்ட கிழியக் கத்துனேன். அவன் எம் பேரையே எடுத்துக்கிட்டுப் போயிருக்கானே, எதுக்கும்மா?"

 அம்பலம் துண்டால் முகத்தைத் துடைத்தார். தண்ணீரில் நழுவி வேறு வத்தையில் ஏறியிருப்பான் என்று ஒருத்தர் சொன்னார். இலங்கையில் முன்னாலேயே குடும்பம் இருந்திருக்கும் என்றார் இன்னொருத்தர். அன்றைக்கும் சரி, இப்போதும் சரி, உண்மை யாருக்கும் தெரியாது. மண்டபத்தில் இருந்து ஓடியவன் அதற்கப்புறம் எங்கே போனான் என்றும் தெரியாது. மீதிப் படத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கலைந்து போனோம். வெளியே வந்தபோது அம்பலமே இருளாண்டியிடம் பீடி நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான், பற்ற வைக்கவில்லை.

மறுநாள் காலையில் அம்பலம் இரண்டு பெரிய மனுஷிகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். அவர்கள் கையில் மஞ்சள் கயிறும் குங்குமமும். புருஷன் உயிரோடு இருக்கும்போது வெறும் கழுத்தோடு இருந்தால் ஊருக்கு ஆகாதாம்.

பூமயில் அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கயிற்றைப் பார்த்தாள்.

"யாரு கட்டுவா?"

"நீயே கட்டிக்க வேண்டியதுதான் தாயி."

"அது எப்படி? கட்ட ஒரு ஆம்பள வேணும்ல. இன்னும் ரெண்டு நாளைக்கு அங்கன படம் ஓடும். போயி அவனக் கூட்டிட்டு வாங்க."

வந்தவர்கள் கயிற்றை மடியில் சொருகிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பேச்சு வரவில்லை. அதே நாள் இருளாண்டி கொண்டுவந்த மீன் முழுக்க விற்றது. அவன் சம்சாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாளாம். பெண்கள் வழி விட்டார்களாம்.

நாகநாதன் இரண்டு நாள் கழித்து வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"நானும் பாத்தேன். எனக்கு ஆளு யாருன்னே தெரியாது. நீ இல்லைன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

"தெரியும்" என்றாள் பூமயில்.

"எங்கய்யாகிட்டக் கேட்டுட்டு வாரேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல."

அவர் திரும்பி வரவில்லை. அந்த ஆவணியிலேயே அவருக்கு வேறு இடத்தில் முடிந்தது. ஆத்தா மூன்று நாள் படுத்தே கிடந்தாள். நான் பூமயிலிடம் போய் உட்கார்ந்தேன். நாகநாதனுக்காக அழுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் அழவில்லை.

"அண்ணே, அந்த வரதன் சொன்னாருல்ல, பயம் நல்லா வந்துச்சுன்னு?"

"ஆமா."

"ரெண்டு நாளும் நல்லாப் பாத்தேன். பேரக் கேட்டப்பத்தான் பயந்தாக. எச்சி முழுங்குனாக, திரும்பிப் பாத்தாக. கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டப்ப பயப்படவே இல்ல. இல்லைன்னு சும்மா சொல்லிட்டாக. என்னயப் பத்திச் சொல்றப்ப மூஞ்சியில ஒண்ணுமே இல்லண்ணே."

நானும் அந்த முகத்தை நினைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.